கடையில் மாதாமாதம் எதையாவது வெட்டுகிறார்களா? என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

சென்னையில் ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். பில்லிங்கில் சேர்ந்தேன், ஃப்ளோர் இன்சார்ஜாக இருக்கும்போது வெளியே வந்தேன். கம்பெனி பேர் வேண்டாம், இன்னமும் அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கடைசி நாலு வருஷத்தில் மட்டும் ஏழு தடவை செலவுக் குறைப்பு நடந்தது. எண்ணி வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் மீட்டிங் போட்டு "இதுதான் கடைசி" என்றார்கள்.

இப்போதும் அந்தக் கடையிலிருந்தும் வேறு கம்பெனிக் கடைகளிலிருந்தும் ராத்திரி பத்தரைக்கு, ஷட்டர் இறக்கிய கையோடு யாராவது போன் பண்ணுகிறார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதிப் போடுகிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றி இதில் வருவதெல்லாம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துத் தொழிலாளர் துறை ஆபீஸுக்கும் ராயப்பேட்டை பிஎஃப் ஆபீஸுக்கும் அலைந்து தெரிந்துகொண்டவை.

நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனி செலவைக் குறைக்காமல் வேறு என்னதான் செய்யும்? அதில் என்ன தப்பு, அக்கா?

முதல் தடவை குறைத்ததில் ஒரு தப்பும் இல்லை. டியூப்லைட்டை எல்லாம் எல்இடியாக மாற்றினார்கள், பாதி காலியாகவே கிடந்த ஒரு ஃப்ரீசரை நிறுத்தினார்கள், கட்டட ஓனரிடம் பேசி வாடகையைக் கொஞ்சம் இறக்கினார்கள். நாங்களே யோசனை சொன்னோம். கேரி பேக் எங்கே வீணாகிறது, எந்த நேரத்தில் ஏசி தேவையில்லை என்று கடையில் நிற்கிறவர்களுக்குத்தானே தெரியும்.

இரண்டாவது தடவை ஸ்டாஃப் டீயை நிறுத்தினார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பவருக்கு நாலு மணி டீ என்பது உட்காருவதற்கு ஒரு சாக்கு. அது போனதும் அந்தப் பத்து நிமிஷமும் போயிற்று. மூன்றாவது, ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் இரண்டு பேரில் ஒருவர். நாலாவது, வாசல் செக்யூரிட்டி. ஐந்தாவது, சனி ஞாயிறு மட்டும் வருகிற காலேஜ் பையன்கள். ஆறாவதில் பிரேக் ஷிஃப்ட் வந்தது, அதாவது காலையில் நாலு மணி நேரம், மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு சாயந்திரம் மறுபடி நாலு மணி நேரம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் வருகிறவர் மத்தியானம் எந்த வீட்டுக்குப் போவார்? ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். ஏழாவதில் நிரந்தர ஆட்கள் மேலேயே கை வைத்தார்கள்.

வரிசையைப் பார்த்தால் ஒன்று புரியும். கடைக்குப் பெரிய செலவு சரக்கு வாங்குவது, அதில் கை வைத்தால் ரேக் காலியாகும். வாடகைக்கு ஒப்பந்தம் இருக்கிறது, நடுவில் ஒன்றும் செய்ய முடியாது. கரண்டில் ஓரளவுக்கு மேல் குறைத்தால் பால் திரிந்துவிடும். ஹெட் ஆபீஸின் கை நினைத்த மாத்திரத்தில் எட்டுகிற ஒரே இடம் ஆட்கள்தான். அதனால் விற்பனை ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கை அதே இடத்துக்குத்தான் வரும்.

ஆளைக் குறைத்தால் விற்பனை ஏன் குறையவேண்டும்? பொருள் அதேதானே, விலையும் அதேதானே?

ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். சாயந்திரம் ஏழு மணி, மாச முதல் வாரம், சம்பளம் வந்த நேரம். ஐந்து பில்லிங் கவுண்டர், ஆள் இருந்தது இரண்டில். ஒரு அம்மா ட்ராலி நிறைய மாசச் சாமான் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார், இடுப்பில் குழந்தை. இருபது நிமிஷம் நின்றிருப்பார். குழந்தை அழ ஆரம்பித்ததும் ட்ராலியை பிஸ்கட் ரேக் பக்கம் தள்ளிவிட்டு, யாரையும் திட்டாமல், ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். அந்த ட்ராலியில் இருந்ததை எல்லாம் அதனதன் இடத்தில் திருப்பி வைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அடியில் இரண்டு பாக்கெட் பட்டாணி உருகித் தண்ணீராக இருந்தது, பனீர் வெதுவெதுவென்று இருந்தது. இரண்டையும் டேமேஜில் எழுதினேன்.

மறுவாரம் ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. விற்பனை குறைந்திருக்கிறதாம், டேமேஜ் கூடியிருக்கிறதாம், காரணம் கேட்டிருந்தார்கள். பதினைந்து வரியில் பதில் எழுதினேன். டேமேஜைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஒரு சர்க்குலர் வந்தது.

அப்புறம் இந்த "சிஸ்டத்தில் இருக்கிறது, ரேக்கில் இல்லை" சமாசாரம். துவரம் பருப்பு ஒரு கிலோ பாக்கெட் சிஸ்டத்தில் நாற்பத்தெட்டு காட்டும். எங்கே? பின்னால் குடோனில், அரிசி மூட்டைக்கு அடியில். எடுத்து வந்து அடுக்க ஆள் இல்லை. வாடிக்கையாளர் "பருப்புகூட இல்லையா உங்க கடையில" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து அண்ணாச்சி கடைக்குப் போகிறார், போனவர் பருப்போடு எண்ணெயும் புளியும் அங்கேயே வாங்கிக்கொள்கிறார். அண்ணாச்சி கடையில் ட்ராலியும் இல்லை, ஏசியும் இல்லை, ஆனால் கேட்டதும் எடுத்துக் கொடுக்க மூன்று பையன்கள் நிற்கிறார்கள். எங்கள் ஏரியாவில் எங்களைத் தோற்கடித்தது ஆன்லைன் டெலிவரி என்று ஹெட் ஆபீஸ் கடைசி வரை நம்பியது. என்னைக் கேட்டால் முதல் அடி அந்த மூன்று பையன்கள்.

இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று நாங்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது, ஃபேஸிங் என்போம். ரேக்கில் பின்னால் கிடக்கிற பாக்கெட்டுகளை முன் ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினால் ரேக் நிறைந்த மாதிரி தெரியும். ஒரு வரிசைப் பொருள்தான் இருக்கும், பின்னால் வெறும் தகரம். கடைசி வருஷம் என் வேலையில் பாதி அதுதான்.

இதெல்லாம் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாதா?

தெரியும், தெரியாது, இரண்டும். ஏரியா மேனேஜர் வருகிற நாளில் பக்கத்துக் கிளையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து நிறுத்துவோம், எல்லாக் கவுண்டரும் திறந்திருக்கும், தரை பளபளக்கும். அவர் போன பிறகு அந்த நாலு பேர் ஆட்டோ பிடித்து, அவர் அடுத்துப் போகிற கடைக்கு ஓடுவார்கள். அவருக்கும் இது தெரியும். அவரும் பில்லிங்கிலிருந்து மேலே வந்தவர்தான்.

பெரிய சிக்கல் அவர்கள் பார்க்கிற தாளில் இருக்கிறது. அதில் சம்பளத்துக்கு ஒரு வரி உண்டு, ரூபாய் பைசாவோடு. ட்ராலியை விட்டுவிட்டுப் போன அம்மாவுக்கு வரி கிடையாது. ஆளைக் குறைத்த லாபம் அந்த மாசமே தாளில் தெரிந்துவிடும், அதனால் வருகிற நஷ்டம் ஆறு மாசம் கழித்து "விற்பனை மந்தம்" என்ற வேறு பேரில் வரும். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்கும் அவசரம் இல்லை.

பெரிய கம்பெனிகளிலும் இப்படி நடந்திருக்கிறதா, இல்லை நம் கம்பெனிக்கு மட்டும்தான் புத்தி இல்லையா?

நம் கம்பெனிக்கு மட்டும் இல்லை. அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று டிவி, கம்ப்யூட்டர் விற்கிற பெரிய கம்பெனி இருந்தது. 2003-லேயே கமிஷனுக்கு வேலை பார்த்த விற்பனையாளர்கள் சுமார் 3,900 பேரை அனுப்பியிருந்தார்கள். 2007 மார்ச்சில் இன்னொரு 3,400 பேரை அனுப்பினார்கள். வேலை சரியில்லை என்று இல்லை, மற்றவர்களைவிடச் சம்பளம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று. வேண்டுமானால் பத்து வாரம் கழித்து, குறைந்த சம்பளத்துக்கு மறுபடி விண்ணப்பம் போடலாம் என்றும் சொன்னார்கள். (இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது.) கூடுதல் சம்பளம் வாங்கியவர் யார்? பல வருஷம் இருந்தவர், எந்த டிவிக்கு எந்த வயர் என்று தெரிந்தவர். விலையுயர்ந்த பொருள் விற்கிற கடையில் அவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். 2008 நவம்பரில் திவால் மனு, 2009 ஜனவரியில் மிச்சமிருந்த 567 கடைகளையும் மூடும் முடிவு, சுமார் 34,000 பேருக்கு வேலை போயிற்று. பொருளாதார நெருக்கடியும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதே நெருக்கடியில் போட்டிக் கம்பெனியான பெஸ்ட் பை தாக்குப்பிடித்தது.

சியர்ஸ் என்கிற இன்னொரு அமெரிக்கக் கடைக் கம்பெனியுடையது இன்னும் நீளமான கதை. 2005-இல் கேமார்ட் என்கிற கடைக் கம்பெனியோடு சேர்ந்தபோது இரண்டுக்கும் சுமார் 3,500 கடைகள். எட்டி லாம்பெர்ட் என்கிற முதலீட்டாளர் கையில் இருந்தது. கடைகளைப் புதுப்பிக்கப் பெரிதாகப் பணம் போடவில்லை, ஆனால் கம்பெனியின் பங்குகளையே திரும்ப வாங்குவதற்கு சுமார் 600 கோடி டாலர் போயிற்று. பிறகு நல்ல பிராண்டுகளை விற்றார்கள், நிலத்தை விற்றார்கள், கடைகளை மூடிக்கொண்டே வந்தார்கள். 2018 அக்டோபரில் திவால் மனு போடும்போது சுமார் 700 கடைதான் மிச்சம். அந்த டிசம்பரில் மேல்மட்ட அதிகாரிகளுக்கு 2.5 கோடி டாலருக்கு மேல் போனஸ் கொடுக்க நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினார்கள். நம் ஊர் ஸ்டாஃப் டீ எனக்கு ஞாபகம் வந்தது.

எல்லாக் கடையும் வெட்டி வெட்டியே விழுந்தது என்று சொல்லமாட்டேன். நம் சுபிக்ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் சென்னையில் தொடங்கி, 2008-க்குள் நாடு முழுக்க 1,600 கடைகளுக்குப் போய்விட்டது. அது விழுந்தது வேகத்தால். கடன் வாங்கிக் கடை திறந்துகொண்டே போய், கையில் ரொக்கம் தீர்ந்து, 2009 தொடக்கத்தில் சரக்குக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் பணம் இல்லாமல் நின்றது. கீழே நிற்கிறவருக்கு வித்தியாசம் ஒன்றும் இல்லை, ஆனால் காரணம் வேறு.

எதிர் உதாரணமும் உண்டு. ஸ்பெயினில் மெர்கதோனா என்ற சூப்பர்மார்க்கெட் 2008 நெருக்கடியில் நூற்றுக்கணக்கான பொருள் வகைகளை ரேக்கிலிருந்து எடுத்தது, விலையைக் குறைத்தது, ஆட்களை வைத்துக்கொண்டது. இருபத்திரண்டு வகை ஷாம்புவைப் பன்னிரண்டாக்கினால் அடுக்குகிற வேலையும் குறையும், எக்ஸ்பைரி பார்க்கிற வேலையும் குறையும். இதை நான் ஒரு மீட்டிங்கில் சொன்னேன். "நல்ல பாயிண்ட்" என்று எழுதிக்கொண்டார்கள்.

சரி, கடை உண்மையிலேயே மூடப்போகிறது என்று எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

ஆட்குறைப்பைப் பார்க்காதீர்கள், அது வருஷக்கணக்கில் ஓடும். சரக்கு கொண்டுவருகிறவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்களுக்கு முதலில் சொன்னவர் பிரெட் வண்டிக்காரர். பத்து வருஷமாகக் காலையில் ஆறரைக்கு வந்து, ட்ரேயை இறக்கிவிட்டு, சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். ஒருநாள் ட்ரேயை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி, "மேடம், ஓனர் ரொக்கம் வாங்கிட்டு இறக்கச் சொல்லிட்டார்" என்றார். முந்தின நாள் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளியே சப்ளையர் கடனை நிறுத்திவிட்டால் உள்ளே நாள் எண்ண ஆரம்பிக்கலாம்.

அடுத்த அடையாளம் ப்ரோமோட்டர்கள். சோப்பு கம்பெனி, ஷாம்பு கம்பெனி தன் செலவில் நம் கடையில் நிறுத்துகிற பெண்கள். கடை ஆள் குறையக் குறைய இவர்களைத்தான் ரேக் அடுக்க, விலை ஒட்ட, சில சமயம் தரை துடைக்கவும்கூட ஏவினோம், நானும் ஏவியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கம்பெனிகள் ப்ரோமோட்டரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டால் அவர்களுக்கு நம் கடை மேல் நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தம்.

மற்றவை: ஜெனரேட்டருக்கு டீசல் கேன் கணக்கில் வருவது, பில் ரோல் தீர்ந்து பக்கத்துக் கிளையில் கடன் வாங்குவது, பெரிய பிராண்டுகள் இருந்த இடத்தில் ஒரே பொருளை ஆறடிக்கு அடுக்கச் சொல்வது, ஹெட் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விடுவது. கடைசியாக, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிஎஃப் பாஸ்புக். அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்று பேர் வேலையை என் ஒருத்தன் தலையில் கட்டுகிறார்கள். முடியாது என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம். "முடியாது" என்றால் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு மெமோ வரும். "பில்லிங்கில் இருக்கும்போது சரக்கு வந்து இறங்குகிற இன்வார்டு வண்டியும் பார்க்கச் சொல்கிறீர்கள், எதை முதலில் செய்யட்டும்?" என்று கடை குரூப்பில் வாட்ஸப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் வரும், அல்லது வராது. இரண்டுமே பிற்பாடு உங்களுக்கு ஆதாரம்.

தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். "காம்ப் ஆஃப் தருகிறோம்", அதாவது பதிலுக்கு ஒரு நாள் லீவு தருகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுத் தராமலே போவதுதான் வழக்கம், அதனால் வந்த நேரமும் போன நேரமும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். பயோமெட்ரிக் அவர்கள் கையில், நோட்டு உங்கள் கையில்.

2021-இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வைக்கவேண்டும் என்று. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி வாங்கியது. எங்கள் கடைக்கு நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. செலவுக் குறைப்பில் ஆள் குறைந்த பிறகு அதில் உட்கார யாருக்கும் நேரம் இல்லை, ஆஃபர் போர்டு வைக்கத்தான் உதவியது.

கல்லாவில் பணம் குறைந்தாலும் பொருள் காணாமல் போனாலும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அது சரியா?

செக்யூரிட்டியை எடுத்தது அவர்கள், திருட்டுக்குப் பணம் கட்டுவது நாம். எங்கள் கடையில் மாசா மாசம் ஸ்டாக் வித்தியாசத்தை எல்லோர் தலையிலும் சமமாகப் பங்கு போட்டார்கள், வார விடுப்பில் இருந்த பெண்ணுக்கும் சேர்த்து.

உங்கள் பொறுப்பில் தனியாக ஒப்படைத்த பணமோ பொருளோ உங்கள் கவனக்குறைவால் போனது என்றால் பிடிக்கலாம். அதற்கும் முன்னால் உங்களிடம் விளக்கம் கேட்கவேண்டும். கடை முழுக்கக் காணாமல் போனதை எல்லோரிடமும் வசூலிப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது கல்லாவை எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு உட்காருங்கள். அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுவோம்.

ஸ்டோர் மேனேஜர்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

பெரும்பாலும் இல்லை. எங்கள் மேனேஜர் ராத்திரி பதினொன்றுக்குத் தானே மாப் போட்டார். கத்துவார், அது வேறு விஷயம்.

எச்ஆர் கூப்பிட்டு "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், உங்களுக்கு நல்லது" என்கிறார்கள். எழுதலாமா?

அந்த அறையில் எழுதாதீர்கள். "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் சார்" என்று எழுந்து வாருங்கள், அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் இல்லாமலும் நீக்கக்கூடாது என்று நம் மாநிலக் கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். நீங்களே ராஜினாமா எழுதிவிட்டால் இது எதுவும் இல்லை, அதனால்தான் எழுதச் சொல்கிறார்கள்.

எழுத மறுத்தால் அடுத்த ஆயுதம் ட்ரான்ஸ்ஃபர். தாம்பரத்தில் இருக்கிறவரைத் திருவொற்றியூருக்குப் போடுவார்கள். எங்கள் கடையில் ஏழாவது தடவை ஒன்பது பேருக்கு இப்படி ஆர்டர் வந்தது, ஆறு பேர் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். மீதி மூன்று பேரில் ஒருத்தி இரண்டு மாசம் மின்சார ரயிலில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் போய் வந்தாள், பிடிவாதக்காரி. மூன்றாவது மாசம் அந்தக் கடையே மூடப்பட்டு, மூன்று மாசச் சம்பளத்தோடு அனுப்பினார்கள். ராஜினாமா எழுதிய ஆறு பேருக்கும் அது கிடைக்கவில்லை. எல்லோராலும் அப்படி இருக்க முடியாது, எனக்குத் தெரியும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் என்ன செய்வது. ஆனால் எழுதுவதற்கு முன் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கட்டும்.

பிஎஃப், கிராஜுவிட்டி என்ன ஆகும்?

முதலில் பிஎஃப். உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதமும் கம்பெனி பங்கும் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்கவேண்டும். அரசின் உமங் ஆப்பில் பிஎஃபுக்கான உங்கள் யுஏஎன் எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைப் பாருங்கள், இன்றைக்கே பாருங்கள். இரண்டு மாசமாக வரவில்லை என்றால் அது சிஸ்டம் கோளாறு இல்லை. உங்கள் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். சம்பளச் சீட்டும் பாஸ்புக் நகலும் எடுத்துக்கொண்டு பிஎஃப் ஆபீஸில் புகார் கொடுங்கள், ஆன்லைனிலும் கொடுக்கலாம். எங்களுக்கு நாலு மாசம் விடுபட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது காய்கறி செக்‌ஷனில் இருந்த ஒரு பையன், வீட்டு அட்வான்ஸுக்காகப் பாஸ்புக் பார்த்தபோது.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது வருகிற பணிக்கொடை, ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு. கணக்கு சுலபம்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்கவேண்டும். 13,000 ரூபாய், ஆறு வருஷம் என்றால் 45,000 ரூபாய். நாலரை வருஷம், நாலே முக்கால் வருஷம் ஆன ஆட்களைத்தான் தேடித் தேடி அனுப்புவார்கள், கவனித்துப் பாருங்கள். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதை முழு வருஷமாகக் கணக்கிடலாம் என்று பழைய கிராஜுவிட்டி சட்டத்தின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் சும்மா விட்டுவிடாமல் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகு, குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வருஷம் போதும். வேலையை விட்டாலோ நீக்கினாலோ பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. "செட்டில்மெண்ட் 45 நாள் ஆகும்" என்று எச்ஆர் சொன்னால் இதைக் கேளுங்கள்.

நீங்கள் கம்பெனி ரோலில் இல்லாமல் ஏஜென்சி ரோலில் இருந்தாலும், ஏஜென்சி சம்பளமோ பிஎஃபோ தராமல் ஓடிவிட்டால் கடைக் கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. "நீ எங்க ஆளே இல்ல" என்று சொல்லிவிட முடியாது.

கம்பெனி திவால் என்று கோர்ட்டுக்குப் போய்விட்டால்?

அப்போது என்சிஎல்டி என்கிற தீர்ப்பாயம் ஒருவரை நியமிக்கும், அவர் பேப்பரில் விளம்பரம் கொடுத்து யாருக்கெல்லாம் பாக்கி என்று கேட்பார். ஊழியர்கள் 'படிவம் டி' நிரப்பி அனுப்பவேண்டும், விளம்பரத்திலேயே கெடு தேதி இருக்கும். நிறையப் பேர் இதை அனுப்புவதே இல்லை, தானாக வரும் என்று இருந்துவிடுகிறார்கள். தானாக வராது. கம்பெனியை விற்றுப் பணமாக்கும் நிலை வந்தால், தொழிலாளர்களின் கடைசி 24 மாச பாக்கி, அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாச பாக்கி அதற்கு அடுத்து. பிஎஃப், கிராஜுவிட்டிக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த பணத்தில் வங்கிகள் கை வைக்க முடியாது. பல கம்பெனிகள் கிராஜுவிட்டிக்கு ஒதுக்கியே வைப்பதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பிக் பஜார் நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்ல் விஷயத்தில் பார்த்தோமே. 2020 ஆகஸ்டில் ரிலையன்ஸுக்கு 24,713 கோடி ரூபாய்க்கு வியாபாரத்தை விற்பதாக அறிவித்தார்கள், அமேசான் வழக்குப் போட்டது, இழுத்தது, 2022 பிப்ரவரியில் குத்தகை பாக்கிக்காகக் கடைகளை ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டது, ஏப்ரலில் அந்த ஒப்பந்தமே கைவிடப்பட்டது, ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. மேலே இவ்வளவும் நடக்கும்போது கீழே பில் போடுகிறவர் காலையில் வந்து ஷட்டர் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடை ஊழியர் இல்லை, சாமான் வாங்க வருகிறவன். நான் என்ன செய்ய?

வரிசை நீளமாக இருந்தால் பில் போடுகிற பெண்ணிடம் கத்தாதீர்கள், மூடிக் கிடக்கிற மூன்று கவுண்டரை மூடியது அவள் இல்லை. புகார் புத்தகத்தில் "ஆள் போதவில்லை" என்று எழுதுங்கள். "ஊழியர் மெதுவாக வேலை செய்கிறார்" என்று எழுதினால் அவளுக்குத்தான் மெமோ. அப்புறம், வேண்டாம் என்று நினைத்த ஐஸ்கிரீமை மிக்ஸி ரேக்கில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இருப்பதா, விட்டுவிட்டு வேறு வேலை தேடுவதா?

எட்டு மாசம் முன்னாலேயே விட்டிருக்கவேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நான் விடாததற்குக் காரணம் விசுவாசம் எல்லாம் இல்லை. பத்து வருஷம் நான் அடுக்கிய ரேக், எந்த வாடிக்கையாளர் எந்த எண்ணெய் வாங்குவார் என்று தெரிந்த கடை, அது சரியாகிவிடும் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் கொஞ்சம் நம்பினேன். எரிச்சல் வந்தது சம்பளம் ஏறாததால்கூட இல்லை. ஆளையும் எடுத்துக்கொண்டு, "ஏன் டார்கெட் வரவில்லை, உங்களுக்கு அக்கறை இல்லையா" என்று எங்களையே கேட்டார்கள் பாருங்கள், அதில்தான்.

நடைமுறையாகச் சொன்னால்: கிராஜுவிட்டிக்குச் சில மாசம்தான் பாக்கி, பிஎஃப் ஒழுங்காக ஏறுகிறது என்றால் இருந்துகொண்டே தேடுங்கள். பிஎஃப் நின்றுவிட்டது, பிரெட் வண்டி ரொக்கம் கேட்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு, ஐடி கார்டு எல்லாவற்றையும் இப்போதே போட்டோ எடுத்து வையுங்கள். கடை மூடிய பிறகு கம்பெனி மெயிலைத் திறக்க முடியாது.

யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் பணம் கிடைக்குமா?

சிரிக்காதீர்கள், இது அதிகம் வருகிற கேள்விகளில் ஒன்று. சேரும்போது 600 ரூபாய் பிடித்திருந்தார்கள். இரண்டு டீஷர்ட்டையும் துவைத்து இஸ்திரி போட்டு, ஒரு கேரி பேக்கில் வைத்துக் கொடுத்தேன், எச்ஆரில் கையெழுத்து வாங்கினேன், மூன்று தடவை மெயில் போட்டேன், ஐந்து மாசம் கழித்து வந்தது. 588 ரூபாய். கேரி பேக்குக்குப் பன்னிரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.